போலிப் படத்தில் இல்லாதவள்

இந்தக் கதையின் முக்கால் பங்கை ஜெயக்கொடி தன் கண்ணால் பார்த்தவர், ஆகவே அதில் அவருக்குச் சந்தேகம் கிடையாது. மிச்சக் கால் பங்கை அவருக்குச் சொன்னது அவருடைய மதினி சீனியம்மாள். அந்தக் கால் பங்கைத்தான் அவர் ஒன்பது வருடமாக நம்பிப் பார்த்து, நம்ப முடியாமல், நம்பாமல் இருக்கவும் துணிச்சல் வராமல், தொண்டையில் ஒட்டிக்கொண்ட மாத்திரையைப்போல விழுங்கவும் துப்பவும் வழியில்லாமல் வைத்துக்கொண்டிருந்தார். கம்மாக்கரைத் தெருவில் வேறு யாருக்கும் இந்தத் தொந்தரவு இல்லை. அவர்களைக் கேட்டால், மழைக்காரி வந்தாள், நாலு மாதம் இருந்தாள், வந்தபடியே போய்ச் சேர்ந்தாள் என்று மூன்று சொல்லில் முடித்துவிட்டு, அந்த வருடம் துவரம்பருப்பு எப்படிப் பூவாக வெந்தது என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

கரிசல் காட்டுக்கு நடுவே காலண்டரும் தீப்பெட்டியும் செய்து பிழைக்கிற ஊர் அது. ஈரம் பட்டால் தாள் சுருளும், மருந்து நமுத்துப்போகும். அதனால் அந்த ஊர்க்காரர்கள் சாமியிடம் வேண்டுவதே ஒரு தினுசாக இருக்கும். தண்ணீர் வேண்டும், மழை வேண்டாம் என்பார்கள். எந்தச் சாமிக்கும் இதை எப்படிக் கொடுப்பது என்று தெரியாததால் பெரும்பாலான வருடங்களில் இரண்டுமே வராது. தெருமுனைக் குழாயில் பத்து நாளைக்கு ஒரு தடவை காற்று வரும், காற்றுக்குப் பின்னால் கொஞ்சம் துருத்தண்ணீர் வரும், அதற்குப் பின்னால் சண்டை வரும்.

ஜெயக்கொடி இருபத்தெட்டு வருடம் ஒரு காலண்டர் அச்சகத்தில் நிறம் பார்த்தவர். முருகனின் மயில் கழுத்தில் நீலம் ஒரு பங்கு கூடினாலும், லட்சுமியின் கன்னத்தில் சிவப்பு அரைப் பங்கு குறைந்தாலும், ஓடுகிற இயந்திரத்தைக் கை காட்டி நிறுத்திவிடுவார். அச்சகத்தில் ஆள் குறைத்தபோது, பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு ஆணிக்கடை மாடியில் கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்குப் படம் வரைந்து கொடுக்கும் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே அவரைத் தவிர எல்லாருக்கும் முப்பதுக்குள் வயது. முதலாளி ஃபெலிக்ஸுக்கு முப்பத்தொன்று.

அவர்களிடம் வந்த வேலைகளில் ஒன்று, ஆற்றோரத்தில் வீடு கட்டிக்கொண்டு குடியிருக்கிற ஒரு விளையாட்டு. அதில் படகில் ஒரு நாரை வரும். நாரை பழைய ஓவியங்கள் விற்கும். சிலது அசல், சிலது போலி. அசலை வாங்கியவன் தன் வீட்டுச் சுவரில் மாட்டிப் பெருமைப்படலாம். போலியை வாங்கியவனைப் பார்த்து நாரை சிரிக்கும். அசலுக்கும் போலிக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான் இருக்க வேண்டும். அந்த ஒரு வித்தியாசத்தை உண்டாக்குவதுதான் ஜெயக்கொடியின் வேலை. இருபத்தெட்டு வருடம் பிழை பிடித்த ஆளுக்குப் பிழையை எங்கே ஒளித்து வைக்கலாம் என்று தெரியாதா? நிலாவை மரத்துக்கு அந்தப் பக்கம் நகர்த்துவார், கொக்குக்கு ஒரு விரலைக் கூட்டுவார், கிழவரின் தாடியில் ஒரு சுருளை நீட்டுவார். நாரை வயிறு வலிக்கச் சிரித்தது.

அந்தச் சித்திரையில் ஒரு ஜப்பானியப் படம் வந்தது. மரப்பலகையில் செதுக்கி, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பலகை வைத்து ஒற்றியெடுத்த பழைய அச்சுப் படம். விளையாட்டில் அதற்கு ‘மழைப் பாலம்’ என்று பெயர். வளைந்த மரப்பாலம், மேலிருந்து கீழாக நூல் பிடித்தாற்போல் மழைக் கோடுகள், பாலத்தின்மேல் ஏழு பேர். கடைசிக்கு முந்தியவள் ஒரு பெண், அவுரி நீல அங்கி, காகிதக் குடை. அவள் இடது கையில் குடை, வலது கையில் நாலு வயதுப் பிள்ளையின் கை. ஜெயக்கொடி படத்தைப் பார்த்ததுமே, முதலில் கறுப்புக் கோடு, அப்புறம் நீலம், கடைசியில் சிவப்பு என்று பலகைகளைக் கழற்றிப் பார்த்துவிட்டார். பிறகு, ஜனங்கள் கூட்டத்தைப் பார்ப்பார்கள், தலை எண்ண மாட்டார்கள் என்று யோசித்து, அந்தப் பெண்ணை எடுத்தார். அவள் நின்ற இடத்தில் பாலத்தின் மரப்பலகைகளை வரைந்து பூசினார், அவற்றின்மேல் மழையை இழுத்துவிட்டார். பிள்ளையின் கையை மட்டும் தொடவில்லை. அது தூக்கினபடியே காற்றில் நின்றது.

ஃபெலிக்ஸ் பார்த்துவிட்டு நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினான்.

“அண்ணே, ஆளையே தூக்கிட்டீங்களே! கண்டுபிடிக்கிறவன் அந்தக் கையைப் பாத்துத்தான் கண்டுபிடிக்கணும். சும்மா நிக்கிற கை. கொன்னுட்டீங்கண்ணே.”

அந்தச் சொல் அன்றைக்கு அவருக்கு இனித்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் படம் விளையாட்டில் ஏறியது. எட்டேகாலுக்குக் கம்மாக்கரைத் தெருமுனையில் வறண்ட குழாயின் பக்கத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். அவுரி நீல அங்கி, காகிதக் குடை, மரக்கட்டை மிதியடி. அவளைச் சுற்றி இரண்டு ஆள் கை விரித்த அகலத்துக்கு மழை பெய்துகொண்டிருந்தது, கோடு கோடாக, சத்தமில்லாமல். அந்த வட்டத்துக்கு வெளியே தெருவில் சித்திரை வெயில் பொரிந்தது.

யாரோ நாடகக்காரி என்றார்கள், யாரோ தேர்தலுக்கு விளம்பரம் என்றார்கள். சீனியம்மாள் உள்ளே போய் இரண்டு குடத்தை எடுத்து வந்து மழைக்குள் வைத்தாள்.

“மழை பேஞ்சா ஏனம் வைக்கணும்,” என்றாள். “யாரு எவருங்கிறதை நிறைஞ்ச பெறகு கேட்டுக்கிடலாம்.”

குடம் நிறைந்தது, ஆனால் கேட்க நேரம் இருக்கவில்லை. பின்னால் வரிசை நின்றது. சாயங்காலத்துக்குள், அவளை வாசலுக்குக் கூட்டிப்போய் நிறுத்திக்கொள்ள வீட்டுக்கு அரைமணி என்று குழாயடிச் சுவரில் சாக்கட்டியில் முறை எழுதியாகிவிட்டது. மறுநாள் தீப்பெட்டி ஆபீஸ்காரர்கள் வந்து, நாங்கள் தண்ணீருக்கு விரோதிகள் இல்லை, ஆனால் இந்தம்மா இதைத் தாண்டி வரக்கூடாது என்று தெருவின் குறுக்கே சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார்கள். கிராம அதிகாரி வந்து ஊர் பெயர் கேட்டார். அவள் பேசாததால், ‘வெளியூர்’ என்று எழுதிக்கொண்டு, தன் இரண்டு சக்கர வண்டியை மழைக்குள் விட்டுக் கழுவிக்கொண்டு போனார். எடுத்த எடுப்பில் பயந்த பிள்ளைகள் மூன்றாம் நாள் அவள் காலடியில் குளித்தார்கள். நாலாம் நாள் யாரும் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இருக்கிற தண்ணீரை யார் நிமிர்ந்து பார்ப்பார்கள்?

ஒரு விஷயம் மட்டும் தெருவுக்குப் புரியவில்லை. அவளுடைய வலது கை கீழே கொஞ்சம் நீட்டினபடி, விரல்கள் பாதி மடங்கி, இடுப்புக்கும் கீழாக நின்றது. பிச்சை கேட்கிறாள் என்று ஒருத்தி வாழைப்பழம் வைத்தாள், விழுந்தது. திருநீறு வைத்தார்கள், கரைந்தது. கடைசியில் யாரோ ஒருத்தி அதில் வாளியின் பிடியை மாட்டினாள். அந்த உயரத்துக்கு அது அளவெடுத்தாற்போல் பொருந்தியது. விரல்கள் பிடியை இறுக்கிக்கொண்டன.

“பாத்தியாக்கா,” என்று தெரு சந்தோஷப்பட்டது, “வேலை செய்ற உடம்பு. சும்மா நிக்கப் பிடிக்கல அதுக்கு.”

அந்தக் கை எதைப் பிடித்திருந்த கை என்று ஊரில் ஒரே ஒருவருக்குத் தெரியும். அவர் அன்று ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு இல்லையென்று சொல்லிவிட்டுப் பாதியில் எழுந்தார். அவர் மனைவி ராஜகனி, உப்பு இருக்கிறது, தண்ணீர்தான் இன்றைக்குக் கரிக்கவில்லை என்றாள்.

தினமும் பிற்பகல் நாலு மணிக்கு அவள் மேற்கே திரும்பிக் கூப்பிடுவாள். இரண்டே எழுத்து. என்ன மொழி என்று தெரியாது, ஆனால் தெருவில் விளையாடுகிற பிள்ளையைக் கூப்பிடுகிற ராகம் எந்த மொழியிலும் ஒன்றுதான்.

“யாரைக்கா கூப்பிடுறா?”

“யாரையோ கூப்பிடுறா. நான் என் மருமகளைக் கூப்பிடலையா, அவ வாராளா? அது பாட்டுக்குக் கூப்பிட்டுட்டு நிக்கட்டும். நீ குடத்தை மாத்து, நேரம் போகுது.”

ஜெயக்கொடி அப்போதே அவளைப் பழையபடி படத்தில் வைத்துவிட்டிருக்கலாம். அவளுடைய உருவம் தனி அடுக்காக அவருடைய கோப்பில் அப்படியே இருந்தது. வைத்தால் போலி அசலாகிவிடும், வேலை போய்விடும் என்று முதல் வாரம் நினைத்தார். இரண்டாம் வாரம், இருபது வருடமாகக் குடம் தூக்கித் தூக்கி ராஜகனியின் இடுப்பில் விழுந்திருந்த காய்ப்பு மெலிவதைப் பார்த்தார். மூன்றாம் வாரத்திலிருந்து, ஐப்பசி வரட்டும், அடைமழை பிடித்ததும் அனுப்பிவிடலாம் என்று சொல்லிக்கொண்டார். மழை வேண்டாம் என்று வேண்டுகிற ஊரில் மழைக்காகக் காத்திருப்பதாகச் சொல்வது எப்பேர்ப்பட்ட பொய் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை.

வைகாசி கடைசியில் தெருவில் எல்லா வேட்டிகளும் வெள்ளை வெளேரென்று ஆயின. சொட்டு நீலம் போடாமலே நீலம் போட்ட வெளுப்பு. பள்ளிக்கூடச் சட்டைகள், கோயில் பூசாரியின் துண்டு, கல்யாண மண்டபத்தின் விரிப்புகள் எல்லாவற்றிலும் அந்த மெல்லிய நீலச் சாயல். பெண்கள் கொடியில் காய்கிற துணியைத் தடவித் தடவிப் பெருமைப்பட்டார்கள். ஜெயக்கொடி தன் வேட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருக்கு அது என்ன நீலம் என்று தெரியும். எத்தனை பங்கு என்றும் தெரியும். குழாயடிக்குப் போய்ப் பார்த்தபோது அவள் அங்கியில் அதே பங்கு குறைந்திருந்தது.

ஆனியில் அவள் உதட்டுச் சிவப்பு போயிற்று. அந்த வாரம் அந்தத் தண்ணீரில் குளிப்பாட்டிய கைக்குழந்தைகளின் உதடெல்லாம் பவளமாக இருந்ததென்று, பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் பிள்ளைகளைத் தூக்கி வந்தார்கள். ஜெயக்கொடி ஒரு நாள் தாங்க மாட்டாமல் மதினியிடம் வாயைத் திறந்தார்.

“மதினி, அவ வெளுத்துக்கிட்டு வாரா. பாத்தீங்களா?”

சீனியம்மாள் சிரித்தாள். “வெயில்ல நிக்கிறவ கறுக்கத்தான செய்வா? நின்னு வெளுக்கிறாளாமே! அந்தத் தோல் நமக்கு இருந்திருந்தா உங்க அண்ணன் இன்னும் நல்லா வச்சிருந்திருப்பாரு.” சொல்லிவிட்டுக் குடத்தைக் கழுவத் திரும்பினாள். கழுவின குடத்தையே மறுபடியும் கழுவினாள். அவர் பார்த்தார், பார்த்ததைப்பற்றி ஒன்றும் நினைக்காமல் வந்துவிட்டார்.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு அவர் தெரு வழியாக வந்தபோது அவள் உடம்பில் நிறமே இல்லை. அச்சகத்தில் மற்ற நிறங்களுக்கு முன்னால் கறுப்பை மட்டும் ஒற்றி ஒரு தாள் எடுத்துப் பார்ப்பார்கள். அந்தத் தாளைப்போல, வெறும் கோடாக நின்றாள். அங்கிக்குள் பின்னாலிருந்த சுவரின் காரை தெரிந்தது. கையில் வாளி இருந்தது. மழை வட்டத்திலிருந்து சாக்கடைக்கு ஓடிய தண்ணீரில் கண்மை கரைந்தாற்போல மெல்லிசாக ஒரு கறுப்பு இழை போய்க்கொண்டிருந்தது. முந்தின நாள் நாலு மணிக்கு அவள் வாய் திறந்ததாகவும் சத்தம் வரவில்லையென்றும் ராஜகனி சொன்னது அவருக்கு அப்போதுதான் காதில் விழுந்தது.

மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினார். ஃபெலிக்ஸிடம், மழைப் பாலத்தில் ஒரு திருத்தம் இருக்கிறது, அந்தப் பெண்ணைத் திரும்ப வைக்கப்போகிறேன் என்றார்.

“வச்சா ரெண்டும் அசலாயிருமேண்ணே? நாரை என்னத்தைப் பாத்துச் சிரிக்கும்?”

“வேற பிழை வைக்கிறேன்.”

“என்ன வைப்பீங்க?”

“பாலத்துத் தூண்ல ஒண்ணைக் குறைக்கிறேன்.”

ஃபெலிக்ஸ் தோளைக் குலுக்கினான். “இவ்வளவுதானா? வச்சுக்கோங்க. இதுக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குறீங்க?”

தூணை எடுக்க, தண்ணீரைப் பூச, அவளுடைய அடுக்கைத் திறக்க, எல்லாம் சேர்ந்து பதினோரு நிமிடம் ஆயிற்று. நாலு மாதம் யோசித்த வேலை. ஏற்றுவதற்கு ஒரு பொத்தான்தான் பாக்கி. அப்போது, அவள் வந்த இடத்திலிருந்து போனால்தானே சரியாகப் போய்ச் சேருவாள் என்று தோன்றி, மதினிக்குப் போன் போட்டார்.

“மதினி, அவ எங்க நிக்கா?”

“நம்ம வீட்டு முறை. இங்கதான் வாசல்ல நிக்கா. ஏன்?”

“குழாயடிக்குக் கூட்டிட்டுப் போங்க. அவளை ஊருக்கு அனுப்பணும்.”

“எந்த ஊருக்கு?”

“அவ ஊருக்கு. நான்தான் மதினி அவளை இங்க கொண்டு வந்தது. தெரியாமத்தான் செஞ்சேன். அந்தக் கையில ஒரு பிள்ள இருந்துச்சு. அங்கேயே நிக்குது அது.”

போனில் குடங்கள் முட்டிக்கொள்கிற சத்தம் கேட்டது. பிறகு மரக்கட்டை மிதியடியின் சத்தம், டொக் டொக்கென்று, தெரு நீளத்துக்கு. மிகவும் லேசான சத்தம்.

“குழாயடிக்கு வந்தாச்சு,” என்றாள் சீனியம்மாள். “இங்க இருந்து என்ன செய்யணும்?”

“நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். நான் ஒரு பொத்தானை அமுக்கினா போயிருவா.”

“அமுக்கினதும் போயிருவாளா?”

“போயிருவா.”

“அப்பச் செத்த பொறுங்க கொழுந்தனாரே. ரெண்டு குடம் வச்சிருக்கேன். நிறைஞ்சிரட்டும். இனி எப்பவோ.”

ஜெயக்கொடி பொறுத்தார்.

இதைத்தான் அவர் யாரிடமும் சொன்னதில்லை. விரலைப் பொத்தான்மேல் வைத்துக்கொண்டு பொறுத்தார். முதல் குடத்தில் தண்ணீர் வெறும் அடியில் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு சத்தம் மேலே ஏறி ஏறி மெலிந்து கழுத்துக்கு வந்தது. குடம் நகருகிற சத்தம். இரண்டாம் குடம். மழை முன்னைவிட மெதுவாக விழுவதுபோல இருந்தது. அமுக்கு, அமுக்கு என்று அவருக்குள் ஒரு ஆள் சொல்லிக்கொண்டே இருந்தான். இன்னொரு ஆள், ராஜகனியும் ஒரு குடம் வைத்திருந்தால் நன்றாயிருக்குமே என்று நினைத்தான். அந்த இரண்டாவது ஆளை அவர் இன்றுவரை மன்னிக்கவில்லை.

“ம். நிறைஞ்சிருச்சு. அமுக்குங்க.”

அமுக்கினார். போனில் தண்ணீர் விழுகிற சத்தம் நின்றது.

அவர் தெருவுக்கு வந்து சேர்ந்தபோது ஈரத்தில் ஒரு வட்டம் மட்டும் காய்ந்துகொண்டிருந்தது. வாளி கவிழ்ந்து கிடந்தது. சீனியம்மாள் குடங்களை உள்ளே கொண்டு போய்விட்டு வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, சுற்றி நின்ற தெருவுக்கும் அவருக்கும் சேர்த்தே சொன்னாள். அமுக்கினதும் அவள் மேனியில் நிறமெல்லாம் திரும்பி வந்தது, நீலம், சிவப்பு எல்லாம், வந்த அன்றைக்கு எப்படி இருந்தாளோ அப்படி. காற்றில் ஒரு சின்னக் கை வந்தது. இவள் வாளியை விட்டுவிட்டு அந்தக் கையைப் பிடித்தாள். ஒரு தடவை நம்மையெல்லாம் பார்த்துச் சிரித்தாள். போனாள்.

தெரு கையெடுத்துக் கும்பிட்டது. ஒரு மாதம் குழாயடியில் விளக்கு வைத்தார்கள். அப்புறம் பத்து நாளைக்கு ஒரு தடவை காற்றும் துருத்தண்ணீரும் வர ஆரம்பித்ததும் விளக்கு வைக்க இடமில்லாமல் குடங்கள் வந்துவிட்டன.

ஜெயக்கொடி கோப்பைத் திறந்து பார்த்தார். பாலத்தில் அவள் நின்றாள், முழு நிறத்தோடு, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு. ஆனால் அது அவர் தானே எடுத்து வைத்திருந்த நகல்தானே? அந்த அடுக்கு தெருவுக்கு வரவில்லை, வாளி பிடிக்கவில்லை, ஒரு துணியையும் வெளுக்கவில்லை. கோப்பில் தெரிவது கோப்பில் இருந்தது. போனவள் போய்ச் சேர்ந்தாளா, சேரும் அளவுக்கு அவளில் ஏதாவது மிச்சமிருந்ததா என்பதற்கு மதினியின் வாய்ச்சொல்லைத் தவிர உலகத்தில் சாட்சி கிடையாது. அவரோ நிறம் பார்த்தே வயதைக் கழித்தவர். கழுவிப் போன நிறம் திரும்பி வந்து அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. அப்படியானால் அந்தச் சிரிப்பு? அந்தச் சின்னக் கை? எல்லாருக்கும் நிம்மதி தருகிற கதையை மதினி ஏன் அத்தனை சீக்கிரமாக, கை ஈரம் காய்வதற்குள் சொன்னாள்? நம்பிவிட்டால் தன் பழியிலிருந்து தப்பிக்கலாம் என்பதாலேயே அவரால் நம்ப முடியவில்லை.

போன மாதம் ஃபெலிக்ஸ் போனில் கூப்பிட்டு, அந்த ஆற்றோர விளையாட்டை நிறுத்திவிடப்போகிறார்களாம் என்றான். வீடுகள், நாரை, சுவரில் மாட்டிய படங்கள் எல்லாம் வெள்ளிக்கிழமையோடு இல்லாமல் போகும். “நம்ம பாலமும் போகுதுண்ணே,” என்றான்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் ஜெயக்கொடி மதினி வீட்டுக்குப் போனார். சீனியம்மாள் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். அறுபத்தெட்டு வயது, ஆனால் கை வேகம் குறையவில்லை.

“வாங்க கொழுந்தனாரே. என்ன மூஞ்சி இப்படி இருக்கு? ராஜகனி சோறு போடலையா?”

“மழைக்காரி போன கதையை இன்னொரு தடவை சொல்லுங்க மதினி.”

“இது என்ன, பிள்ளைகளுக்குச் சொல்ற மாதிரி வருசத்துக்கு ஒரு தடவை கேக்கீங்க!” என்று சலித்துக்கொண்டே சொன்னாள். நிறமெல்லாம் வந்தது. சின்னக் கை வந்தது. சிரித்தாள். போனாள். ஒரு சொல் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஒன்பது வருடத்தில் தெருவில் எல்லாருடைய வாயிலும் மாறிப்போன கதை அவள் வாயில் மட்டும் அச்சடித்தாற்போல அப்படியே இருந்தது.

ஜெயக்கொடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். தன் விரலைப் பார்த்தார். பிறகு, குரல் உயராமல், இது அவளைக் கேட்கிற கேள்வியா தன்னைக் கேட்கிற கேள்வியா என்று தனக்கே நிச்சயமில்லாமல் கேட்டார்.

“நாம நிறையட்டும்னு நின்னோமே மதினி, அந்த ரெண்டு குடம். அதுல தண்ணி என்ன நிறத்துல இருந்துச்சு?”